நெப்டியூன்: சொந்தச் சரக்கா, இரவல் சரக்கா?

கேள்வி இது: 2022-ல் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலை மூழ்கடித்த நெப்டியூன் ஏவுகணை உக்ரைன் சொந்தமாகச் செய்ததா, இல்லை பழைய சோவியத் ஏவுகணைக்குப் புதுப் பெயரா? அவ்வளவு பெரிய கப்பலால் இரண்டே இரண்டு ஏவுகணைகளைத் தடுக்க முடியாமல் போனது எப்படி? நம் நாட்டில் இப்படி ஒன்று உண்டா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சொந்தச் சரக்குதான். ஆனால் அப்பா விட்டுப்போன மனையில் மகன் கட்டிய வீடு மாதிரி. மனை பழையது, அஸ்திவாரத்தில் கொஞ்சம் பழசு, மேலே எழுப்பியதெல்லாம் மகனுடையது.

சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களில் ரேடார் பழுது பார்த்து வயிறு வளர்த்தவன் நான். ஏவுகணை என் தொழில் இல்லை. ஆனால் கடலில் ரேடார் எதைப் பிடிக்கும், எதைக் கோட்டை விடும் என்பது என் தொழில். இந்தக் கதையில் பாதி அதுதான்.

வம்சாவளியிலிருந்து தொடங்கலாம். 1980-களில் சோவியத் யூனியனில் கேஎச்-35 என்று ஒரு ஏவுகணையை வடிவமைக்கத் தொடங்கினார்கள். ஒலியைவிடக் குறைந்த வேகம், கடல்மட்டத்தை ஒட்டிப் பறத்தல், சுமார் 130 கிலோமீட்டர் தூரம். அமெரிக்காவின் ஹார்பூன் ஏவுகணை மாதிரியே இருந்ததால் அந்தப் பக்கத்து ஆட்கள் அதை ‘ஹார்பூன்ஸ்கி’ என்று கிண்டலடித்தார்கள். 1991-ல் யூனியனே உடைந்ததும் வேலை படுத்துவிட்டது. அதைக் கைதூக்கி விட்டவர்களில் நாமும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. ‘யுரான்’ என்ற பெயரில் நம் கடற்படை அதை வாங்கியது. 1997-ல் பணிக்கு வந்த ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் அப்படி 16 ஏவுகணைகள். ரஷ்யக் கடற்படை தன் கப்பல்களுக்கு அதை முறையாக எடுத்துக்கொண்டதோ 2003-ல்தான். ஆக, நெப்டியூனின் பெரியப்பா மகன் நம் கடற்படையில் பல வருஷமாக வேலை பார்க்கிறான்.

சோவியத் காலத்தில் ஒரு பொருளை ஒரே ஊரில் செய்ய மாட்டார்கள். மாஸ்கோ பக்கம் வரைபடம் போட்டால் ஒரு பகுதி கார்கிவில் உருவாகும், இன்ஜின் ஸபோரிஷியாவில் உருவாகும். கேஎச்-55 என்ற நெடுந்தூர க்ரூஸ் ஏவுகணைக்கான (க்ரூஸ் என்றால் குட்டி விமானம் மாதிரி ஜெட் இன்ஜினில் பறந்து போவது) குட்டி ஜெட் இன்ஜினை அப்படி ஸபோரிஷியாவின் மோட்டார் சிச் ஆலைதான் செய்தது. பாகப்பிரிவினை ஆனபோது இந்தப் பட்டறைகளும் அவற்றில் கை பழகிய ஆட்களும் உக்ரைன் பங்குக்கு வந்தார்கள். மனை என்று நான் சொன்னது இதைத்தான்.

அப்புறம் 2014. கிரிமியா தீபகற்பம் ரஷ்யா கைக்குப் போனது. அதோடு உக்ரைன் கடற்படையின் பெரும்பாலான கப்பல்களும் போயின. நீளமான கடற்கரை இருக்கிறது, காவலுக்குக் கப்பல் இல்லை. புதுக் கப்பல் கட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, கரையிலிருந்தே கப்பலை அடிப்பது. கீவ் நகரில் இருக்கும் லூச் வடிவமைப்பு நிறுவனம் அந்த வேலையை எடுத்தது.

அவர்கள் கேஎச்-35-ஐ அப்படியே நகலெடுக்கவில்லை. உடம்பை நீட்டி எரிபொருளைக் கூட்டினார்கள். ஏவும்போது உந்தித் தள்ளும் பூஸ்டரைப் பெரிதாக்கினார்கள். மோட்டார் சிச்சின் எம்எஸ்-400 இன்ஜினை வைத்தார்கள். உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான்களையும் உள்நாட்டிலேயே செய்தார்கள். முடிவில் வந்தது ஆர்-360 நெப்டியூன்: பூஸ்டரோடு சேர்த்து 5 மீட்டர் நீளம், 870 கிலோ எடை, அதில் வெடிபொருள் பகுதி 150 கிலோ, தூரம் சுமார் 280 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்க்கோடு போட்டால் நாகப்பட்டினத்தைத் தாண்டும்.

2018 ஜனவரியில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த இலக்கைக் கடலில் அடித்தது. 2020 ஆகஸ்டில் படையில் சேர்க்க ஒப்புதல், 2021 மார்ச்சில் பயிற்சிக்காக முதல் தொகுதி கடற்படையிடம் ஒப்படைப்பு. ஒரு முழுப் பிரிவு என்றால் ஏவு வண்டி ஆறு, வண்டிக்கு நான்கு ஏவுகணை. பெரிய சக்கரங்கள் வைத்த, எட்டும் உந்துகிற கனரக லாரிதான் வண்டி. கடற்கரையிலிருந்து 25 கிலோமீட்டர் உள்ளே தள்ளி நின்றும் சுடலாம். நம்ம ஊர்க் கணக்கில், மெரினாவுக்கு முன்னால் போகும் கப்பலை ஆவடி பக்கம் ஒரு தோப்புக்குள் நிற்கும் லாரியிலிருந்து அடிப்பது.

எம்டன் நினைவுக்கு வருகிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸுக்கு வந்து, கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊர் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதனால் குறி வைக்கக் கஷ்டமே இல்லை. கெட்டிக்காரப் பயலை “அவன் எம்டன்பா” என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் துணிச்சல் இன்றைக்கு எந்தப் போர்க்கப்பலுக்கும் வராது. காரணம் இந்த மாதிரி லாரிகள்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. பெரிய கப்பலால் ஏன் தடுக்க முடியவில்லை?

மெரினாவில் அலை ஓரமாக நின்று கடலைப் பாருங்கள். கடலும் வானமும் சேரும் கோடு ரொம்ப தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது நான்கரை கிலோமீட்டர்தான். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறினால் அதுவே 20 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பூமி உருண்டையாக இருப்பதால் வரும் கணக்கு இது. ரேடாருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான், அது கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கும். எங்கள் தொழிலில் வழக்கமான குறுக்குவழி: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கப்பலின் ரேடார் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் 22 கிலோமீட்டர் சொச்சம். நெப்டியூன் இலக்கை நெருங்கும்போது தண்ணீருக்கு மேல் 3 முதல் 10 மீட்டரில் பறக்கும். 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பங்கு 8 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் சுமார் 30 கிலோமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை எவ்வளவு விலையுயர்ந்த ரேடாராக இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், நிமிஷத்துக்கு 15. ஆக, கண்ணில் பட்டதிலிருந்து இரண்டு நிமிஷம்.

அந்த இரண்டு நிமிஷமும் முழுசாகக் கிடைக்காது. இங்கேதான் என் தொழில் வருகிறது. ஒருமுறை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு சரக்குக் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. “ரேடார் பழுது, சின்னப் படகு எதுவுமே தெரியவில்லை” என்று புகார். லாஞ்ச்சில் போய் ஏறினேன். காற்று பலமாக அடித்த நாள், கடல் கொந்தளிப்பாக இருந்தது. பிரிட்ஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் காசிமேட்டு ஃபைபர் படகுகள் நாலைந்து வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. திரையில் ஒன்றுகூட இல்லை. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அலைகளே ரேடாருக்கு எதிரொலி தரும். திரையின் நடுவில் உப்பைக் கொட்டியது போல வெள்ளையாக அப்பிக்கொள்ளும். அதை அடக்க ‘ஸீ க்ளட்டர்’ என்று ஒரு குமிழ் உண்டு. கண்ணுக்கு உறுத்துகிறதே என்று காவலில் இருந்தவர் அதை முழுக்கத் திருகி வைத்திருந்தார். உப்போடு சேர்ந்து படகுகளும் காணாமல் போய்விட்டன. குமிழை மெதுவாகப் பின்னால் திருப்பத் திருப்ப, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொரு புள்ளியாக எழுந்து வந்தது. கேப்டன் ஒன்றும் பேசாமல் டீ வரவழைத்தார்.

அந்தப் படகு நின்ற இடத்தில், கையை விரித்தால் தொட்டுவிடும் அகலமுள்ள ஓர் உருளை விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வருவதாக நினைத்துப் பாருங்கள். போர்க்கப்பல் ரேடார் எங்களுடையதைவிடப் பல மடங்கு புத்திசாலி, மறுக்கவில்லை. ஆனால் அலை இரைச்சலில் சின்னப் பொருளைப் பிரித்தெடுக்கும் தலைவலி அதற்கும் உண்டு. குமிழுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் மனுஷன்தான்.

மாஸ்க்வா நோஞ்சான் கப்பல் இல்லை. 186 மீட்டர் நீளம், கருங்கடல் படையின் தலைமைக் கப்பல். உக்ரைனின் மைகோலைவ் நகரக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1983 வாக்கில் பணிக்கு வந்தது. அப்போது பெயர் ஸ்லாவா. தூரத்து விமானங்களை அடிக்கும் எஸ்-300எஃப் ஏவுகணைகள் 64, கிட்டத்தில் அடிக்க ஓசா ஏவுகணைகள், கடைசி நிமிஷத்துக்கு ஆறு துரிதத் துப்பாக்கிகள் என மூன்று அடுக்குக் காவல். ஆனால் எஸ்-300எஃப்-க்குக் குறி காட்டும் ரேடார் கப்பலில் ஒன்றே ஒன்று. அது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்க முடியும்.

2022 ஏப்ரல் 13 அன்று இரண்டு நெப்டியூன்கள் அடித்ததாக உக்ரைன் சொன்னது, அமெரிக்காவும் அதை ஒப்புக்கொண்டது. கப்பலில் தீப்பிடித்து வெடிமருந்து வெடித்தது, இழுத்துப் போகும்போது புயலில் மூழ்கியது என்பது ரஷ்யாவின் விளக்கம். மறுநாள் கப்பல் இல்லை. பின்னால் வெளிவந்த படங்களில் கப்பல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நடுப்பகுதியிலிருந்து புகை வருகிறது. ஒருவர் இறந்ததாகவும் 27 பேரைக் காணவில்லை என்றும் ரஷ்யா ஏப்ரல் 22-ல் அறிவித்தது. 150 கிலோ வெடிபொருளுக்கு இவ்வளவு பெரிய கப்பல் மூழ்குமா என்று பலர் கேட்கிறார்கள். இரும்பைக் கிழிப்பது மட்டும்தான் அதன் வேலை. மீதியைத் தீயும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். கப்பலுக்குள்ளேயே எரிபொருளும் வெடிமருந்தும் நிறைந்திருக்கும்போது கேட்கவா வேண்டும்.

யாரும் அதிகம் பேசாத இன்னொரு பாதி இருக்கிறது. என் பார்வையில் ஏவுகணையைவிட அதுதான் கடினம். கப்பல் எங்கே இருக்கிறது என்று கரையில் இருப்பவனுக்கு எப்படித் தெரிந்தது? அடிபட்டபோது மாஸ்க்வா உக்ரைனின் துறைமுக நகரமான ஒடெசாவுக்குத் தெற்கே சுமார் 65 கடல் மைல் தூரத்தில் இருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். அதாவது 120 கிலோமீட்டர். மேலே போட்ட கணக்குப்படி கரையில் இருக்கும் ரேடாருக்கு அது எட்டவே எட்டாது. நெப்டியூனின் தலையிலும் ஒரு சின்ன ரேடார் உண்டு, ஆனால் அது கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் உதவும். அதுவரை யாராவது ‘இந்த இடத்துக்குப் போ’ என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

இதற்கு இரண்டு விடைகள் பேசப்படுகின்றன. கப்பலை அடையாளம் காணத் தகவல் தந்து உதவியதாகவும், அடிக்கப் போவது தங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்றும் அமெரிக்கத் தரப்பிலிருந்து 2022 மே மாதம் செய்தி வந்தது. மற்றொன்று உக்ரைன் பத்திரிகையில் பின்னர் வந்த கதை. அன்றைக்கு வானிலை விசித்திரமாக இருந்ததாம், மேகம் தாழ்ந்திருந்ததாம், ரேடார் அலை வழக்கத்தைவிட வெகுதூரம் போய்த் திரும்பியதாம். அந்தத் திரையில் ஒரு பெரிய புள்ளி தெரிந்ததாம்.

இரண்டாவது கதையைப் படித்ததும் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ச், ஏப்ரலில் தரைச்சூட்டுக் காற்று குளிர்ந்த கடல்காற்றின் மேல் போர்வை மாதிரி படியும் சாயங்காலங்களில், இங்கேயே சாதாரணமாகத் தெரியாத கரையெல்லாம் ரேடார் திரையில் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல், குழாய்க்குள் ஓடுவது போலக் கடலை ஒட்டியே வளைந்து போகும். புதிதாக வந்த பையன்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். ஆகவே அப்படி நடக்க வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. அன்று அப்படித்தான் நடந்ததா என்பதற்கு நான் சாட்சி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரஷ்யக் கப்பல்கள் ஒடெசா பக்கத்திலிருந்து தள்ளிப் போயின. ஜூன் கடைசியில், கருங்கடலில் தான் பிடித்து வைத்திருந்த பாம்புத் தீவையும் ரஷ்யா காலி செய்தது. அதற்கு நெப்டியூன் மட்டும் காரணமில்லை, பீரங்கியும் வெளிநாட்டு ஹார்பூன்களும் சேர்ந்துகொண்டன. அடிக்கக் கப்பல் கிட்டே வராததால் உக்ரைன்காரர்கள் நெப்டியூனைத் தரை இலக்குக்கு மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் கிரிமியாவின் தர்கான்குட் முனையில் ஓர் எஸ்-400 வான்காவல் தளத்தை அடித்தது இதுதான் என்று செய்தி வந்தது. 2025 மார்ச்சில் 1,000 கிலோமீட்டர் போகும் ‘நீண்ட நெப்டியூன்’ சோதனை வெற்றி என்று அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தார். வெளியில் வாங்கிய ஏவுகணை என்றால், இதை எங்கே அடிக்கலாம், எதை மாற்றலாம் என்று விற்றவனிடம் கேட்க வேண்டும். தன் பட்டறைச் சரக்கு என்பதால் யாரிடமும் கேட்காமல் பிரித்து மேய்ந்தார்கள். சொந்தச் சரக்கின் ருசி அங்கேதான் தெரிகிறது.

கடைசிக் கேள்வி, நம்மிடம் உண்டா? முதலில் எல்லோர் வாயிலும் வருவது பிரம்மோஸ். ரஷ்யாவோடு 1998-ல் ஒப்பந்தம், 2001 ஜூன் 12-ல் ஒடிசாவின் சண்டிப்பூரில் முதல் சோதனை. அதை முன்னின்று நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த சிவதாணு பிள்ளை. ஒலியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம், நெப்டியூனைவிட ஆளே வேறு. இரண்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டேனே, பிரம்மோஸ் வந்தால் அது அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. கரையில் வண்டியிலிருந்து ஏவும் வகையைப் பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 375 மில்லியன் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. நம் கடற்படைக்கும் அதே மாதிரி கரையோர வண்டிகளுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தமானது. பிரம்மபுத்ரா, மாஸ்க்வா என்ற இரண்டு நதிகளின் பெயரைச் சேர்த்துத்தான் பிரம்மோஸ் என்று வைத்தார்கள். அதே மாஸ்க்வா என்ற பெயருள்ள கப்பல்தான் கருங்கடலின் அடியில் கிடக்கிறது. விதி சில சமயம் இப்படிக் குறும்பு செய்யும்.

ஆனால் பிரம்மோஸ் கூட்டுக் குடும்பம். முழுக்க நம் வீட்டுப் பிள்ளை என்றால், நம் அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. செய்த என்.ஏ.எஸ்.எம்-எஸ்.ஆர். என்ற கப்பல் அடிக்கும் ஏவுகணை. கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டரிலிருந்து 2022 மே 18-ல் முதல் சோதனை. மாஸ்க்வா மூழ்கி ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, அது தற்செயல்தான். 2025 பிப்ரவரியில் நடந்த சோதனையில், பறந்துகொண்டிருக்கும்போதே அது அனுப்பும் படத்தைப் பார்த்து விமானி இலக்கை மாற்றிக் காட்டினார். அலை இரைச்சலில் புள்ளியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது அந்த அம்சம்தான். ஆனால் அது குறுகிய தூரத்து ஏவுகணை, ராக்கெட்டில் ஓடுவது. நெப்டியூன் போல நீண்ட தூரம் மெதுவாகவும் தாழ்வாகவும் போக, குட்டி ஜெட் இன்ஜின் வேண்டும். நம் நெடுந்தூர க்ரூஸ் ஏவுகணையான நிர்பயின் ஆரம்பச் சோதனைகளில் அதற்கு ரஷ்ய இன்ஜினைத்தான் வைத்தோம். பெங்களூருவில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் இன்ஜின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.இ. செய்த ‘மாணிக்’ இன்ஜினோடு பறந்த க்ரூஸ் ஏவுகணை 2024 ஏப்ரல் 18-ல் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், பிரம்மோஸுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதியை இந்த இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். அது செய்தித்தாளில் நாலு வரி வந்து போனது.

இன்ஜின் யாரிடம் இருக்கிறதோ அவனிடம்தான் குடுமி என்பதற்கு நம் கடற்படையிலேயே ஒரு கதை இருக்கிறது. மாஸ்க்வாவைக் கட்டிய அதே மைகோலைவில் ஸோர்யா-மாஷ்புரோயெக்ட் என்ற ஆலை இருக்கிறது. ஐ.என்.எஸ். டெல்லி தொடங்கி நம் பெரிய போர்க்கப்பல்கள் பலவற்றை ஓட்டுவது அங்கே செய்த கேஸ் டர்பைன் இன்ஜின்கள். ரஷ்யாவின் கலினின்கிராடில் நமக்காகக் கட்டிய ஐ.என்.எஸ். துஷில் போர்க்கப்பலுக்கும் அந்த ஆலையின் இன்ஜின்தான். கிரிமியாவுக்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு விற்க மறுத்துவிட்டது. எனவே இந்தியா வாங்கி, ரஷ்யக் கப்பல் தளத்துக்கு அனுப்பிவைத்தது. 2024 டிசம்பர் 9-ல், இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கும்போதே, உக்ரைன் இன்ஜின் பொருத்திய அந்தக் கப்பலை ரஷ்யர்கள் நம்மிடம் ஒப்படைத்தார்கள்.